உப்புக் கிடங்கில் தரவரிசை

எட்டு மணிக்குப் பனி கொட்டும் என்றார்கள்.
பதினொன்றாகியும் காணோம்.
ஒஹாயோ ஆற்றின் இந்தியானாக் கரையில்
நான்கு லாரிகள், நான்கு ஓட்டுநர்கள்,
ஒரு வயர்லெஸ் பெட்டி, அதற்குக் காவலாக நான்.
வேலை வராத இரவுக்கும் சம்பளம் உண்டு,
வாயைச் சும்மா வைத்திருக்கத்தான் இல்லை.

வெர்லான் ஸ்டாம்பர்தான் ஆரம்பித்தான்.
அக்கரைக்காரன், கென்டக்கியில் பிறந்தவன்.
தன் லாரியின் பனி வழிக்கும் தகட்டில்
சாக்கட்டியால் ஒன்றிலிருந்து பத்துவரை எண் போட்டான்.
கல்லூரிக் கூடைப்பந்து, எல்லாக் காலத்துக்கும்.
ஒன்றுக்கு எதிரே கென்டக்கி என்று எழுதிவிட்டு
"மிச்சம் ஒன்பதை நீங்களே பேசி முடியுங்கள்" என்றான்.

"உன்னுடையது எட்டுக் கோப்பை.
லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுடையது பதினொன்று" என்றான் நார்பெர்ட் கெஸ்லர்.
"எட்டைவிடப் பதினொன்று பெரிது என்று
ஒன்றாம் வகுப்பில் சொன்ன அன்றைக்கு
உங்கள் ஊரில் லீவா?"

"அதில் பத்து ஒரே பயிற்சியாளர் காலத்தில் வந்தது.
ஒரு மனிதனுக்கா கல்லூரி என்று பெயர்?
அன்றைக்குக் கதவும் குறுகல்,
இருபத்தைந்து அணிதான் உள்ளே.
இன்றைக்கு அறுபத்தெட்டு."

"குறுகின கதவில் நுழைவதுதானே கஷ்டம்?"

ஆர்ஃபா டாக்கெட் குறுக்கே விழுந்தாள்:
"கான்சஸ். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே
அங்கே முதல் பயிற்சியாளர்."
"அவர் அங்கே ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம்."
"அதனாலென்ன?
பிள்ளை பெற்றவளே
ஓட்டப்பந்தயமும் ஓடிக் காட்டணுமா?"

இரண்டாவது பிளாஸ்க் காபி தீர்ந்தது.
தோல்வியே இல்லாத இந்தியானாவின் எழுபத்தாறு
ஒரு வருஷமா, ஒரு யுகமா என்று
அரை மணி நேரம்.
வட கரோலினா மூன்றுக்கு ஏறி ஐந்துக்கு இறங்கிற்று.
டியூக்கின் பெயரைச் சொன்னதும்
மூன்று பேர் ஒரே சமயத்தில் துப்பினார்கள்,
அன்றிரவு அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

ரூஃபஸ் டால்டன் அதுவரை
கையுறையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.
"எந்த வருஷத்திலிருந்து எண்ணுகிறீர்கள்?"
"ஆரம்பத்திலிருந்து."
"என் அப்பா ஆறடி ஏழு அங்குலம்.
ஐம்பத்து மூன்றில் அவருக்குப் பதினெட்டு வயது.
உன் ஒன்றாம் நம்பர்
அவரை டிக்கெட் வாங்க விட்டிருக்கும்,
பந்தைத் தொட விட்டிருக்காது."
நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.
"எழுது, எழுது. சும்மா கேட்டேன்."

வெர்லான் சாக்கட்டியைப் பார்த்தான்.
அழிக்கவில்லை.
மேலே எழுதவுமில்லை.

யாரும் சொல்லாதது ஒன்று இருந்தது:
இந்தக் கிடங்கே ஒரு காலத்தில்
கல்லூரி ஆடுகளம்.
பிரீ-த்ரோ கோடு வரைக்கும் இப்போது உப்பு மலை.
கிழக்குச் சுவரில் வலையில்லாத ஒரு வளையம்,
கழற்ற ஆள் அனுப்பக் கவுன்ட்டிக்கு மனம் வரவில்லை,
அல்லது பணம்.
இரண்டு வருஷம் இங்கே நான் ஆடினேன்,
மூன்று வெற்றி, முப்பத்தொன்பது தோல்வி.
அப்புறம் கல்லூரியே மூடிவிட்டது,
அதற்கு நான் மட்டும் காரணமில்லை.
பத்துக்குள் கேட்க எனக்கென்ன பைத்தியமா?
ஆனால் ஐநூறு வரை எண் போட
அந்தத் தகட்டில் இடம் இருந்திருந்தால்
ஒருவேளை தொண்டையைக் கனைத்திருப்பேன்.

ஒன்று இருபதுக்குப் பனி வந்தது,
சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி அல்ல,
கடன்காரன் மாதிரி.
நான்கு எஞ்சினும் ஒன்றாக உறுமின.
பாதி எழுதின பட்டியலைத் தரையோடு அழுத்தி
வெர்லானின் லாரி முதலில் போயிற்று.

தனியானதும் உப்புக்கட்டி ஒன்றை எடுத்து
வளையத்துக்கு எறிந்தேன்.
விளிம்பில் பட்டுத் தெறித்தது.
அன்றைக்கும் இப்படித்தான்.

வயர்லெஸ் கரகரத்தது:
"ஆறாவது இடத்துக்கு
நார்பெர்ட் என்ன சொன்னான்?"
"பாலத்தில் பனிக்கட்டி பிடிக்குது,
மெதுவா போ" என்றேன்.
கொஞ்ச நேரம் வைப்பர் சத்தம் மட்டும்.
"ரூஃபஸோட அப்பா" என்றான், "எந்த இடத்தில் ஆடுவார்?
சென்டரா?"